வீடற்றோருக்கான நகரத் திட்டமும் தெருவின் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நகரம் வீடற்றோருக்கான திட்டத்தை அறிவித்ததும் குடியிருப்போர் கூட்டங்களில் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. களப்பணியில் இருப்பதால் அவை என்னிடமும் திரும்பத் திரும்ப வருகின்றன. பயத்தில் கேட்பவர்கள் உண்டு, கோபத்தில் கேட்பவர்களும் உண்டு. இருவருக்கும் நேரான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் படுப்பவரின் பாதுகாப்பு வேறு, அந்தத் தெருவில் குடியிருப்பவரின் பாதுகாப்பு வேறு என்று பிரித்துப் போடும் திட்டம் இருவருக்குமே உதவாது.

வீடற்றோர் என்றால் ரோட்டில் படுப்பவர்கள் மட்டும்தானே?

அது நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பான் அரசு பூங்கா, ஆற்றங்கரை, சாலை, ரயில் நிலையம் போன்ற இடங்களில் தங்குபவர்களை மட்டுமே எண்ணுகிறது. இரவு முழுக்கத் திறந்திருக்கும் இணைய மையங்களில் படுத்து எழுபவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. பின்லாந்திலோ, வேறு வழியில்லாமல் நண்பர் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஒண்டிக்கொண்டிருப்பவரும் வீடற்றவர்தான். இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கட்டடம் எதிலும் வசிக்காமல் நடைபாதை, மேம்பாலத்தடி, ரயில் நடைமேடை, பெரிய சிமெண்ட் குழாய் போன்ற இடங்களில் வாழ்ந்தவர்களை எண்ணியது. சுமார் 17.7 லட்சம் பேர்.

நம் கண்ணில் படுபவர்கள் ஒரு பகுதிதான். காருக்குள் தூங்குபவர், வேலை செய்யும் இடத்திலேயே சுருண்டுகொள்பவர், அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வாரத்துக்கு ஒரு வீடு என்று மாறிக்கொண்டிருக்கும் பெண் எல்லோரும் மீதிப் பகுதி. திட்டத்தைக் கையில் எடுத்ததும் அது யாரையெல்லாம் கணக்கில் சேர்த்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நிலையான முகவரி இல்லாதவர்களை எப்படிச் சரியாக எண்ணுவீர்கள்?

முழுதாகச் சரியாக எண்ண முடியாது. வழக்கமான முறை ஒரே இரவில் எண்ணுவது. இந்தியாவில் அப்படி எண்ணியது 2011 பிப்ரவரி 28 இரவு. அமெரிக்காவில் ஜனவரியின் கடைசி 10 நாள்களுக்குள் ஓர் இரவைத் தேர்ந்தெடுத்து நாடு முழுக்க எண்ணுகிறார்கள். 2024இல் வந்த எண் 7,71,480.

இப்படி எண்ணப் போகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், டார்ச் வெளிச்சத்தை முகத்தில் அடிக்காமல் காலடியில் பிடிப்பது. அட்டைப்பெட்டியை விரித்து, தலைவரை போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். உள்ளே ஒருவரா இருவரா என்பதை வெளியே கிடக்கும் செருப்புகளை வைத்துத்தான் சில சமயம் ஊகிக்க வேண்டியிருக்கும். அன்று மழை பெய்துவிட்டால் கடை வாசல்கள் காலியாகிவிடும், எண்ணிக்கையும் குறைந்துவிடும். ஆட்கள் எங்கோ ஒதுங்கியிருப்பார்கள், அவ்வளவுதான்.

அதனால் நல்ல திட்டம் ஓர் இரவுக் கணக்கோடு நிற்காது. ஒவ்வொருவரின் பெயர், தேவை, எத்தனை நாளாகத் தெருவில் இருக்கிறார் என்பதை அவர் சம்மதத்தோடு எழுதி, மாதாமாதம் திருத்தும் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். எண் மட்டும் தெரிந்தால் பட்ஜெட் போடலாம். பெயர் தெரிந்தால்தான் ஆளுக்கு வீடு தேட முடியும்.

குடியும் போதையும்தானே காரணம்? ஒழுங்காக இருந்திருந்தால் ஏன் தெருவுக்கு வரப் போகிறார்கள்?

குடி, போதை, மனநோய், குடும்பச் சண்டை எல்லாம் காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவையே முழுக் காரணம் என்றால் போதை அதிகமுள்ள ஊரில் வீடற்றோரும் அதிகம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் போதை மருந்துச் சாவுகள் மிக அதிகமான மாநிலங்களில் ஒன்று மேற்கு வர்ஜீனியா. ஆனால் மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் அங்கே வீடற்றோர் கலிபோர்னியாவைவிட மிகக் குறைவு. வறுமை மிகுந்த டெட்ராய்டைவிடச் செழிப்பான சியாட்டிலிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அதிகம். வித்தியாசம் வாடகையிலும் காலி வீடுகளின் எண்ணிக்கையிலும் இருக்கிறது.

வாடகை மலிவான ஊரில் குடிப்பவருக்கும் ஓர் அறை கிடைத்துவிடுகிறது. வாடகை எகிறிய ஊரில், முதலில் வெளியே தள்ளப்படுபவர் ஏற்கெனவே ஏதோ ஒன்றில் தடுமாறிக்கொண்டிருந்தவர். யார் விழுவார் என்பதை அவருடைய பிரச்சினை முடிவு செய்கிறது, எத்தனை பேர் விழுவார்கள் என்பதை வாடகைச் சந்தை முடிவு செய்கிறது. இன்னொன்றும் உண்டு. தெருவுக்கு வந்த பிறகு குடிக்கத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். குளிருக்கும் பயத்துக்கும் நடுவில் ஓர் இரவைக் கழித்துப் பார்த்தால் அது ஏன் என்று புரியும்.

திட்டம் திட்டம் என்கிறார்களே, அதற்குள் என்னதான் இருக்கும்?

வீட்டை இழக்கும் முன் தடுப்பது, தெருவுக்குப் போய்ப் பேசுவது, இரவுக்கு ஒரு கூரை, நிரந்தர வீடு, வீட்டுக்குப் போன பிறகும் தொடரும் கவனிப்பு, இவற்றோடு அவசர நேரத்தில் யார் வருவார் என்ற ஏற்பாடு. பெயர்கள் மாறினாலும் பெரும்பாலான நகரத் திட்டங்களின் உறுப்புகள் இவைதான்.

பக்கங்களைப் புரட்டுவதைவிட, பணம் எந்த உறுப்புக்குப் போகிறது என்று பாருங்கள். முன்னுரையில் வீடு வீடு என்று எழுதிவிட்டு, தொகையில் பெரும்பங்கைத் துப்புரவுக்கும் காவலுக்கும் ஒதுக்கியிருந்தால் அது காவல் திட்டம்தான்.

காப்பகத்தில் இடம் காலியாக இருக்கிறது, ஆனாலும் வர மாட்டேன் என்கிறார்களே?

ஏன் என்று அவர்களைக் கேட்டால் பதில் தெளிவாகவே வரும். கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டடத்தில் படுக்க வேண்டும். நாயை வெளியே விட வேண்டும். தள்ளுவண்டியை உள்ளே கொண்டுவரக் கூடாது, அதுதான் அவர் பிழைப்பு. மாலை 6 மணிக்குள் வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் வேலை இரவு 9 மணிக்கு முடிகிறது. காலையில் எழுந்தால் செருப்பு காணாமல் போயிருக்கும். பெண்களுக்கு இதைவிடப் பெரிய பயங்களும் உண்டு.

‘வர மறுத்தார்’ என்று பதிவேட்டில் எழுதுவது சுலபம். அதற்குப் பதிலாகக் காரணத்தை எழுதி வைத்தால், அடுத்த மாதம் ஒரு பூட்டு அலமாரி, வண்டி நிறுத்தக் கொஞ்சம் இடம், தம்பதிக்கு ஒரு தடுப்பு அறை என்று மாற்ற முடியும். இந்தியாவில் 2010இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நகரங்களில் காப்பகங்கள் பரவலாக எழுந்தன. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம் ஒன்று வேண்டும் என்பது 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் அளவுகோல். ஆளுக்கு 50 சதுர அடி. அளவுகோல் நல்லதுதான். ஆனால் வேலையும் பேருந்தும் இல்லாத ஊர் எல்லையில் கட்டினால் கட்டில்கள் காலியாகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம், காப்பகம் என்பது வாசல். அங்கிருந்து போக வீடு இல்லையென்றால் வாசலிலேயே கூட்டம் தேங்கிவிடும்.

குடியை நிறுத்தாதவருக்கு வீட்டைத் தூக்கிக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

அதிகம் கோபம் வரும் கேள்வி இதுதான். பழைய முறையில் வீடு பரிசு மாதிரி கடைசியில் வந்தது. குடியை விடு, மருந்து சாப்பிடு, விதிகளைப் பின்பற்று, அப்புறம் வீடு. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் திருப்பிப்போட்டார். முதலில் வீட்டுச் சாவி, பிறகு சிகிச்சை. சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டால்தான் வீடு என்ற நிபந்தனை இல்லை. அண்டை வீட்டாரைத் தொல்லை செய்யக் கூடாது, வருமானத்தில் ஒரு பங்கை வாடகையாகக் கட்ட வேண்டும் போன்ற குடித்தன விதிகள் எல்லோருக்கும் போல அவருக்கும் உண்டு. வாரந்தோறும் ஒருவர் வந்து பார்ப்பார்.

இதைக் கனடா பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. வான்கூவர், வின்னிபெக், டொரன்டோ, மான்ட்ரியல், மாங்க்டன் ஆகிய 5 நகரங்களில், 2009 முதல் 2013 வரை, மனநலப் பிரச்சினை உள்ள சுமார் 2,000 வீடற்றோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஆய்வின் கடைசி 6 மாதங்களில், முதலில் வீடு பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் முழுக் காலமும் வீட்டில் இருந்தார்கள். வழக்கமான உதவி பெற்றவர்களில் 31 சதவீதம் பேர் மட்டுமே. வீட்டைக் கொடுத்தால் விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

நியாயம் பற்றிக் கேட்டீர்கள். சொந்த வீட்டுக்குள் குடிப்பவரிடம் யாரும் வீட்டைப் பிடுங்குவதில்லை. நள்ளிரவில் எந்தச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ள வேண்டிய இடத்தில் படுத்துக்கொண்டு குடியை நிறுத்து என்று ஒருவரைக் கேட்பதுதான் எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்படியானால் வீடு கிடைத்ததும் குடி நின்றுவிடுமா?

நிற்கும் என்று உறுதி கொடுக்க முடியாது. அதே கனடா ஆய்வில், குடி, போதை விஷயத்தில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீடு, தங்க இடமில்லாத குறையைத் தீர்க்கும். மற்றதைத் தீர்க்க மருத்துவமும் ஆள்துணையும் காலமும் வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு ஆளைக் கைவிடும் நகரங்கள் இந்த முறையின் பெயரைக் கெடுக்கின்றன. வீட்டோடு கவனிப்பும் சேர்ந்ததுதான் அந்த முறை.

இதற்கெல்லாம் எங்கள் வரிப்பணம்தானே?

ஆமாம். ஆனால் இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவு, ஆம்புலன்ஸ், சிறை, காப்பகம், மனநல மருத்துவமனை என்று வெவ்வேறு துறைகளின் கணக்கில் சிதறிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. நியூயார்க்கில் கடுமையான மனநோயுள்ள வீடற்றோர் 4,679 பேரின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2002இல் வந்தது. வீடு கிடைக்கும் முன் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 40,500 டாலர் இப்படிச் செலவானது. கவனிப்போடு வீடு கொடுத்த பிறகு அதில் ஏறக்குறைய 16,300 டாலர் குறைந்தது. வீட்டுக்கான செலவிலிருந்து இந்த மிச்சத்தைக் கழித்துப் பார்த்தால் கூடுதலாக ஆனது ஆண்டுக்குச் சுமார் 1,000 டாலர்.

அதாவது லாபம் இல்லை, கிட்டத்தட்டச் சமம். அதுவும் இவர்கள் அதிகச் செலவு வைப்பவர்கள். ஆரோக்கியமாக இருக்கும், ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத ஒருவருக்கு வீடு கொடுத்தால் பணம் மிச்சமாகாது. வீடு கொடுத்தால் செலவு குறையும் என்று மேடையில் பேசுபவர்கள் இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிச்சமாகாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை இது என்பது என் கருத்து.

உண்மையைச் சொல்லுங்கள், இவர்களால் எங்களுக்கு ஆபத்து இல்லையா?

தெருவில் நடக்கும் வன்முறையில் முதல் அடி வாங்குபவர்கள் அவர்கள்தான். பிரிட்டனில் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, வெளியில் தூங்குபவர் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட 17 மடங்கு. தூங்கும்போது உதைப்பது, மேலே சிறுநீர் கழிப்பது, பொருளைக் கொளுத்துவது. இதில் பலவற்றைச் செய்பவர்கள் குடித்துவிட்டு வீடு திரும்பும், வீடுள்ள ஆட்கள். புகார் போவதும் குறைவு.

அதற்காக உங்கள் பயத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். இரவில் தனியாக வரும் பெண்ணைப் பார்த்து ஒருவர் கத்தினால் பயமாகத்தான் இருக்கும். பயம் ஒரு தகவல், அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். ஆனால் எதைக் கண்டு பயம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் தாக்கினாரா, மிரட்டினாரா, தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாரா, அழுக்காக இருந்தாரா? முதல் இரண்டும் குற்றம், அதற்குப் போலீஸ். மூன்றாவதுக்கு மருத்துவர். நான்காவதுக்குக் குளியலறை.

காப்பகம் எங்கள் தெருவுக்கு வந்தால் திருட்டு கூடுமா, கூடாதா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

கூடிய இடம் உண்டு. வான்கூவரில் குளிர்காலத்துக்கு மட்டும் திறக்கும் காப்பகங்களைச் சுற்றிச் செய்த ஆய்வு, 100 மீட்டருக்குள் சொத்துக் குற்றங்கள் 56 சதவீதம் கூடியதாகக் கண்டது. பெரும்பாலும் நிறுத்தியிருந்த வாகனத்திலிருந்து திருடுவது, சில்லறைத் திருட்டு, பொருள்களைச் சேதப்படுத்துவது. தூரம் போகப் போக அது மங்கி, 400 மீட்டருக்கு அப்பால் தெரியவில்லை. காப்பகம் மூடியதும் குற்றமும் பழைய அளவுக்கு இறங்கியது.

இதை மறைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, பாதிப்பு மிகச் சிறிய வட்டத்துக்குள் நடப்பதால் அந்த வட்டத்துக்கு விளக்கு, இரவுக் காவல், அழைத்தால் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் இவற்றைத் திறக்கும் முன்பே கேட்டு வாங்கலாம், வாங்க வேண்டும். இரண்டு, இரவில் படுக்கவிட்டுக் காலையில் வெளியே அனுப்பும் காப்பகமும், ஆளுக்கொரு கதவுள்ள நிரந்தர வீடும் ஒன்றல்ல. அமெரிக்காவின் டென்வர் நகரில், அடிக்கடி கைதாகிக்கொண்டிருந்த வீடற்றோருக்குக் கவனிப்போடு வீடு கொடுத்தார்கள். 3 ஆண்டு கழித்தும் 77 சதவீதம் பேர் வீட்டில் நிலைத்திருந்தார்கள். வீடு கிடைக்காத பிரிவோடு ஒப்பிட்டால் போலீஸ் தொடர்பு 34 சதவீதமும் கைது 40 சதவீதமும் குறைவு.

வீட்டு விலை விழுந்துவிடும் என்கிறார்களே?

நியூயார்க்கில் கவனிப்போடு கூடிய 7,500 வீடுகளைச் சுற்றி நடந்த விற்பனைகளை 2008இல் ஆராய்ந்தார்கள். 500 அடிக்குள் இருந்த சொத்துகளின் விலை விழவில்லை, பிந்தைய ஆண்டுகளில் ஏறியது. பாழடைந்து கிடந்த கட்டடத்தைச் சீரமைத்து ஆள் வைத்துப் பராமரித்தால் அப்படித்தான் ஆகும். பராமரிக்காமல் விட்டால் எந்தக் கட்டடமும் தெருவைக் கெடுக்கும்.

போலீஸை வைத்து அப்புறப்படுத்தினால் ஒரே நாளில் முடிந்துவிடாதா?

அந்த இடத்தில் முடியும், அடுத்த தெருவில் தொடங்கும். அதோடு நிற்பதில்லை. தெருவில் இருப்பவர் தலைக்கு வைத்துப் படுக்கும் பிளாஸ்டிக் பைக்குள் என்ன இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? அடையாள அட்டை, நான்காக மடித்து ஓரம் கிழிந்த மருத்துவச் சீட்டு, சர்க்கரை மாத்திரை, ஒரு குழந்தையின் போட்டோ, எப்போதோ போட்ட வீட்டு மனுவின் ரசீது. குப்பை வண்டி அதை அள்ளிக்கொண்டு போனால், மாதக்கணக்கில் நடையாய் நடந்து களப்பணியாளர் முடித்த காகித வேலை பூஜ்யத்துக்கு வந்துவிடும். அடையாள அட்டை இல்லாமல் வீட்டு மனு நகராது. அவரும் அதே தெருவுக்கோ அடுத்த தெருவுக்கோ திரும்புவார்.

உயிருக்கும் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் 23 நகரங்களை வைத்து 2023இல் வந்த ஒரு கணித மாதிரிக் கணக்கீடு, ஊசி வழியாகப் போதை எடுக்கும் வீடற்றோரைத் தொடர்ந்து விரட்டிக்கொண்டிருந்தால், 10 ஆண்டுகளில் அவர்களிடையே நேரும் மரணங்களில் 15 முதல் 25 சதவீதத்துக்கு அதுவே காரணமாகலாம் என்று மதிப்பிட்டது. சிகிச்சையும் மருந்தும் தெரிந்த முகங்களும் அறுந்துபோவதால் வரும் சாவு அது.

சில இடங்களைக் காலி செய்தே ஆக வேண்டும். ரயில் பாதை ஓரம், வெள்ளம் வரும் கால்வாய், தீப்பிடிக்கும் இடம். அங்கே முன்கூட்டியே நாள் சொல்லி, போக ஓர் இடம் காட்டி, பொருள்களைப் பத்திரமாக வைக்க வழி செய்துவிட்டுக் காலி செய்யலாம்.

சட்டப்படி அவர்களை விரட்ட நகரத்துக்கு உரிமை இருக்கிறதா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் 2024 ஜூன் 28 அன்று, கிராண்ட்ஸ் பாஸ் என்ற ஒரிகன் மாநில ஊர் தொடர்பான வழக்கில், பொது இடத்தில் படுப்பதைத் தண்டிக்கும் ஊர்ச் சட்டம் அரசியலமைப்பின் கொடூரத் தண்டனைத் தடையை மீறாது என்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் சொன்னது. இந்தியாவில் 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று 5 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நடைபாதையை ஆக்கிரமிக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்றும், முறையான நடைமுறை இல்லாமல் அகற்றக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

அபராதம் போட உரிமை இருப்பதாலேயே அது பலன் தரும் என்று ஆகிவிடாது. கட்ட முடியாத அபராதம் பிடிவாரண்டாக மாறும், பிடிவாரண்டு இருப்பவருக்கு வேலையும் வாடகை வீடும் கிடைப்பது இன்னும் கஷ்டம்.

அவசரத்துக்குப் போலீஸைக் கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவது?

அடிதடி, ஆயுதம், உயிர் ஆபத்து என்றால் போலீஸ்தான், தயங்கவே வேண்டாம். ஒருவர் புலம்பிக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறார், கடை வாசலில் மயங்கிக் கிடக்கிறார் என்றால் வேறு ஆள் வர வேண்டும். டென்வர் 2020 ஜூனில் இதற்காக ஒரு வேனை ஓட்டத் தொடங்கியது. அதில் ஒரு மனநலப் பணியாளர், ஒரு முதலுதவி மருத்துவப் பணியாளர். முதல் 6 மாதத்தில் 748 அழைப்புகளுக்குப் போனார்கள். ஒன்றில்கூடக் கைது இல்லை. அந்த வட்டாரங்களில் சிறு குற்றப் பதிவுகள் 34 சதவீதம் குறைந்தன, வன்முறைக் குற்றம் கூடவில்லை.

ஆனால் நிதி நிரந்தரமாக இருக்க வேண்டும். இந்த முறைக்கு முன்னோடியாக ஒரிகனின் யூஜீன் நகரில் 1989இல் தொடங்கிய கஹூட்ஸ் சேவை 2025 ஏப்ரலில் அந்நகரில் நின்றுபோனது. 30 ஆண்டுக்கு மேல் ஓடியதும் நின்றுபோக முடியும். உங்கள் நகரத் திட்டத்தில் இப்படி ஒரு வேன் இருந்தால், அது இரவிலும் ஓடுமா, எந்தக் கணக்கிலிருந்து சம்பளம் என்று கேளுங்கள்.

கழிப்பறை கட்டிக்கொடுத்தால் இன்னும் கூட்டம் சேராதா?

கட்டாவிட்டால் என்ன சேரும் என்பதற்கு அமெரிக்காவின் சான் டியேகோ நகரம் உதாரணம். 2016 முதல் 2018 வரை அங்கே ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் தொற்று பரவி, கிட்டத்தட்ட 600 பேர் நோயுற்று 20 பேர் இறந்தார்கள். வீடற்றோரிடையே தொடங்கி மற்றவர்களுக்கும் பரவியது. போதுமான கழிப்பறையும் கை கழுவும் வசதியும் இல்லாதது முக்கியக் காரணம். கடைசியில் நகரம் கைகழுவும் தொட்டிகளை அவசரமாக வைத்து, தெருக்களைப் பிளீச்சிங் போட்டுக் கழுவி, தடுப்பூசி போட ஓடியது. கழிப்பறைக்கு ஒரு காவலர், ஒரு துப்புரவாளர் சம்பளம் போட்டு வைத்திருந்தால் அதைவிட எவ்வளவோ மலிவு.

குடும்பத்தோடு, குழந்தைகளோடு இருப்பவர்களுக்கும் இதே வழிதானா?

இல்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு நோயோ போதையோ பிரச்சினை இல்லை, வாடகைதான். அமெரிக்காவில் காப்பகத்திலிருந்த 2,282 குடும்பங்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், நீண்டகால வாடகை மானியம் பெற்றவர்கள் எல்லோரையும்விட நன்றாக இருந்தார்கள். மறுபடி வீடிழப்பது பாதிக்கு மேல் குறைந்தது. அதைவிட என்னை நிறுத்திய முடிவு வேறு: துணைவரால் அடிபடுவதும் வெகுவாகக் குறைந்தது, குழந்தையைப் பிரிய நேர்வதும் குறைந்தது. போக இடம் இருக்கும் பெண் அடிக்கும் வீட்டில் இருக்க மாட்டாள். வாடகை மானியம் ஒரு பாதுகாப்புத் திட்டமும்தான் என்று நான் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

கையில் காசு கொடுக்கலாமா?

கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் மனம். பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள். நகரத்தின் களப்பணி எண்ணைப் போனில் சேமித்து வைத்து, அவர் சம்மதித்தால் கூப்பிடுங்கள். சம்மதம் இல்லாமல் படம் எடுத்துப் பகிராதீர்கள். யாரிடமிருந்தோ ஒளிந்து வாழும் ஒருவரை அது காட்டிக்கொடுத்துவிடலாம்.

இத்தனை ஆண்டாகச் செய்கிறார்கள், எண்ணிக்கை ஏறிக்கொண்டுதானே போகிறது?

பல ஊர்களில் ஏறுகிறது. ஆனால் வெளியேறியவர்களைவிட உள்ளே வந்தவர்கள் அதிகம் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். ஹூஸ்டனில் சுமார் பத்தாண்டுகளில் 25,000க்கு மேற்பட்டோர் வீடுகளுக்குப் போனார்கள், வீடற்றோர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த அமைப்புகள் ஒரே பட்டியலில் வேலை செய்ததும், ஒப்பீட்டளவில் அங்கே வீடு மலிவாக இருந்ததும் காரணம். வாடகை ஏறிக்கொண்டே இருக்கும் ஊரில் இதே உழைப்பு ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதையாகிவிடும்.

பின்லாந்தைப் பாருங்கள். 1980களில் 18,000 பேருக்கு மேல் இருந்த வீடற்றோர் 2023இல் 3,429. ஹெல்சின்கியில் பெரிய இரவுக் காப்பகங்களையே தனி வீடுகளாக மாற்றினார்கள். ஆனால் 2024இல் எண் 3,806 ஆகிவிட்டது. அதே ஆண்டு அரசு வீட்டு உதவித்தொகையைக் குறைத்திருந்தது. எவ்வளவு நல்ல முறையும் பணத்தை இழுத்தால் பின்னுக்குப் போகும். அதனால்தான் தடுப்பு என்ற உறுப்பைத் திட்டத்தின் முதலில் சொன்னேன். ஒரு மாத வாடகை பாக்கியைத் தீர்த்துவைப்பது, வெளியேற்ற நோட்டீஸ் வந்தவருக்கு ஒரு வக்கீல், சிறையிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் வெளிவருபவரை ‘எங்கே போவீர்கள்’ என்று கேட்காமல் அனுப்பாதது.

வெற்றி என்று நகரம் சொல்லும்போது நம்பலாமா?

எண்ணும் முறை மாறியதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள். யூட்டா மாநிலம் 2005க்கும் 2015க்கும் நடுவில் நீண்டகால வீடற்றோர் 91 சதவீதம் குறைந்துவிட்டதாகச் சொன்னது. உலகமே பாராட்டியது. குறைந்தது உண்மைதான், ஆனால் அந்தச் சதவீதத்தில் ஒரு பெரிய பங்கு எண்ணும் முறையை மாற்றியதால் வந்தது என்று பிறகு தெரிந்தது. நிரந்தர வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை, ஓராண்டு கழித்தும் அதே வீட்டில் இருப்பவர்கள் எத்தனை, தெருவில் இறந்தவர்கள் எத்தனை. இந்த மூன்றையும் வெளியிடாத அறிக்கை, அகற்றிய கூடாரங்களின் எண்ணிக்கையையும் பரிமாறிய சாப்பாட்டுப் பொட்டலங்களையும் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒருவருக்கு மனநிலை சரியில்லை, எந்த உதவியும் வேண்டாம் என்கிறார். கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு போகலாமா?

இந்தத் தொகுப்பிலேயே கடினமான கேள்வி. ஒரு பக்கம் அவருடைய உரிமை, இன்னொரு பக்கம் கண்முன்னே சிதைந்துகொண்டிருக்கும் உயிர். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பதைப் போலீஸின் கடமையாக்கியிருக்கிறது. ஆனால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் பொது மருத்துவ நிறுவனத்தில் மதிப்பீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கலிபோர்னியா 2022இல் நீதிமன்றம் மேற்பார்வையிடும் சிகிச்சைத் திட்டத்துக்குச் சட்டம் போட்டது. அதை வரவேற்றவர்களும் எதிர்த்தவர்களும் உண்டு.

தனக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து இருந்தால், சட்டப்படி, மருத்துவர் முன்னிலையில் கட்டாயம் தேவைப்படலாம். அந்த எல்லைக்கு வராதவரிடம் கட்டாயம் பெரும்பாலும் திருப்பியடிக்கிறது. ஒருமுறை பிடித்து ஏற்றியவர்களைப் பார்த்தாலே அடுத்த முறை ஓடுவார், அப்புறம் எந்தக் களப்பணியாளரும் அவரை நெருங்க முடியாது. வார்டில் சில நாள் வைத்துவிட்டுப் பழைய நடைபாதைக்கே திருப்பி அனுப்பினால் அந்தக் கட்டாயத்துக்கும் பொருளில்லை.

‘வேண்டாம்’ என்பது எப்போதும் கடைசி வார்த்தை அல்ல. காப்பகம் வேண்டாம் என்பவர் டீயை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அடுத்த வாரம் புண்ணுக்குக் கட்டுப்போட விடுவார். அதன் பிறகு ஒருநாள், அந்த அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அவரே கேட்பார். அதுவரை அதே களப்பணியாளர், அதே கிழமை, அதே நேரத்துக்கு அவரிடம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு வருடம் முழுக்கச் சம்பளம் ஒதுக்கியிருக்கிறதா என்பதை நகரத்தின் பட்ஜெட்டில் தேடுங்கள்.